இரண்டு மொத்தம்

குறிஞ்சிப்பாடிக்கு எப்படிம்மா ரெண்டு மொத்தம்
என்றார் தாசில்தார் லூர்துசாமி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.

மஞ்சக்குப்பம். இரவு ஒன்பதரை.
ஜெனரேட்டருக்கு டீசல் பதினொன்று வரைதான்.
புயல் கரை கடந்து ஆறாம் நாள்.
விழுந்த வீடுகளின் பட்டியல்
விடிவதற்குள் சென்னைக்குப் போகவேண்டும்.

அதுவரை எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.
ஊர்வாரியாக ஒரு வினவல், தாலுக்காவுக்கு ஒன்று,
எல்லாம் சேர்த்து இன்னொன்று என
மூன்றை எழுதி ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தவள்
அன்று மதியம்தான்
ஒரே வினவலில் சுருட்டக் கற்றிருந்தேன்.
பாய் சுருட்டுவதுபோல,
ஊர் சுருண்டு தாலுக்காவுக்குள்,
தாலுக்கா சுருண்டு கடைசி வரிக்குள்.

கூட்டி வந்த வரிக்கு ஏது ஊர்ப்பெயர்?
இயந்திரம் அந்தக் கட்டத்தை வெறுமையாய் விட்டுவிடும்.
வெறும் கட்டம் அதிகாரிகளுக்குப் பிடிக்காது.
காலியாய் இருந்தால் 'மொத்தம்' என்று போடு
என நானே ஒரு வரி சேர்த்திருந்தேன்.

போட்டிருந்தது.

தேவனாம்பட்டினம் 214
தாழங்குடா 96
சோனாங்குப்பம் 131
மொத்தம் 441

ஆலப்பாக்கம் 88
பெரியகுப்பம் 57
மொத்தம் 11
மொத்தம் 156

மொத்தம் 597

அந்தப் பதினொன்னை அடிச்சிட்டு அனுப்பு,
தப்பா விழுந்திருக்கும்
என்றார் பக்கத்து மேசை கலியமூர்த்தி.
அடித்தால்
எண்பத்தெட்டும் ஐம்பத்தேழும்
நூற்றைம்பத்தாறு ஆகாதே சார்.

அப்போதுதான் உறைத்தது.
கூட்டலால் வந்த வெறுமை ஒன்று,
களத்திலிருந்தே வந்த வெறுமை ஒன்று.
இரண்டுக்கும் நான்
ஒரே சட்டையை மாட்டிவிட்டிருக்கிறேன்.

பிரித்துச் சொல்ல ஒரு சின்னக் கட்டளை உண்டு.
ஒன்று என்று சொன்னால்:
இந்த வெறுமையை நான்தான் உண்டாக்கினேன்.
சுழி என்று சொன்னால்:
எனக்குத் தெரியாது, இது இப்படித்தான் வந்தது.

கேட்டேன்.
நூற்றைம்பத்தாறுக்கு ஒன்று.
பதினொன்றுக்குச் சுழி.

படிவக் கட்டை அவிழ்த்தோம்.
நனைந்து உலர்ந்த தாள், தொட்டால் அப்பளமாய் நொறுங்கியது.
பதினோரு படிவம், ஒரே கையெழுத்து.
ஊர்: காலி.
குடும்பத் தலைவர்: செம்பாயி.
அடுத்ததில் வடமலை. அதற்கடுத்து கன்னிமுத்து.
கூரை: தார்ப்பாய். சேதம்: முழுவதும்.
ஓரத்தில் பென்சிலில்,
'பரவனாறு, பாலத்துக்குக் கீழே, இருளர்.
லிஸ்டில் இந்த இடம் இல்லை.'

தாசில்தார் இரண்டு விஏஓக்களையும் போனில் எழுப்பினார்.
என் எல்லை பாலத்தோட முடியுது சார் என்றார் ஒருவர்.
என்னுது பாலம் தாண்டித்தான் சார் ஆரம்பம் என்றார் மற்றவர்.
இடையில் ஓடுகிற தண்ணீரைப் பற்றி
இருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டியலில் ஓர் ஊரைச் சேர்க்க
ஒப்பந்த ஊழியைக்கு அதிகாரம் கிடையாது.
வரிக்குத் தலைப்பு வைக்க இருந்தது.
ஒன்று வந்தால் 'மொத்தம்'.
சுழி வந்தால் 'பரவனாற்றுப் பாலத்தடி'.

நாளைக்கு வேறு தாலுக்காவிலிருந்து
வேறொரு காலிக் கட்டம் வந்தால்
இந்த வினவல் பொய் சொல்லும்.
தெரிந்தேதான் எழுதினேன்.

மறுபடி ஓட்டினேன்.
597 அசையவில்லை.
முதலிலும் அவர்கள் அதற்குள்தான் இருந்தார்கள்,
ஆள் கணக்காக.

பதினொன்றுக்கு ஏழு நிமிடம் இருக்கையில்
அச்சுப்பொறி இருமி இருமித் தாளைத் துப்பியது.
லூர்துசாமி பேனாவைத் திறந்தார்,
கையெழுத்துப் போடாமல்
அந்த வரியில் நிறுத்தினார்.

பரவனாற்றுக்கும் பாலத்தடிக்கும் நடுவில்
ஒற்று மிகுமாம்மா?

மிகும் சார் என்றேன்.